டாக்டர் பாலகுருவும் நானும் கேட்ட ஆல்பங்கள்

காது பரிசோதனை அறையில் இப்போது என் இடத்தில் இருக்கும் கௌசல்யா போன மாதம் போன் செய்திருந்தாள். செல்போனில் இயர்போனைச் செருகித் தங்கள் காதைத் தாங்களே அளந்துகொண்டு, அந்த முடிவோடு நோயாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்களாம். அப்புறம் நாம எதுக்கு மேடம் என்று குறைப்பட்டுக்கொண்டாள். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, கேட்க நினைத்ததைக் கடைசியில் கேட்டாள். பெரிய டாக்டரும் நானும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அறைக்குள் உட்கார்ந்து இங்கிலீஷ் பாட்டுக் கேட்டுச் சண்டை போடுவோம் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். திண்டுக்கல்லில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில், வருஷக்கணக்கில் நடந்த சண்டை அது. அவர் கட்சி ராக். என் கட்சி மெட்டல். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லாததால் எழுதுகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

பிளஸ் டூ முடித்து மதுரையில் டெக்னீஷியன் படிப்புப் படித்துவிட்டு அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர் பாலகுரு எனக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. சத்தம் புகாத அந்தச் சின்ன அறைக்குள் என்னை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்து, என் காதை அவரே பரிசோதித்தார். வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இரண்டும் மேலே ஒரே வரிசையில் ஓடின; குறி கீழே இறங்க இறங்கக் காது மந்தம் என்று அர்த்தம். அதை எடுத்து என் பெயர் எழுதிய கோப்பில் வைத்தார். அடுத்தவர் காதை அளக்கிறவளுக்குத் தன் காது தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன்னால் நான் ஹெட்போனை மாட்டி ஒவ்வொரு ஒலியையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் மெஷினை ஒப்படைக்க வேண்டும். ஒரு நாள்கூட விலக்கு இல்லை.

அவர் வத்தலக்குண்டுப் பக்கம் சேவுகம்பட்டிக்காரர். விவசாயக் குடும்பம். வெளியூரில் பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தாலும் பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சாகவே இருந்தது. உயரம். காது கேட்காதவர்களோடு பழகியதாலோ என்னவோ, யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். நேராக முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார்.

பரிசோதனையில் ஒரு முறை உண்டு. ஒலி கேட்டால் பத்து டெசிபல் இறக்க வேண்டும், கேட்காவிட்டால் ஐந்து ஏற்ற வேண்டும். அப்படி இறங்கி ஏறி, எந்த இடத்தில் காது நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன். ஆனால் என் கை ஒலியைத் தாளத்தோடு கொடுத்தது. ஒரே இடைவெளியில், டக், டக் என்று. டாக்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று செத்த நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“தாளம் போடாத ஜமீலா. தாளம் வந்துருச்சுன்னா ஆளு காதால கேக்குறதில்ல. மனசால எண்ணி அமுக்குறான்” என்றார்.

என் கையில் தாளம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் பேகம்பூரில் பிறந்தவள். என் அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். ஆள் உயர மரப் பீப்பாய்களுக்குள் ஈரத்தோலைப் போட்டுச் சுற்றவிடுவார்கள். சுற்றச் சுற்ற உள்ளே தோல் மூட்டை மூட்டையாக விழும். சாப்பாட்டுத் தூக்கோடு நான் போய் நிற்கும்போது அந்தச் சத்தம் தரை வழியாக ஏறி நெஞ்சுக்குள் விழும். அத்தாவிடம் அதைச் சொன்னதில்லை. டாக்டரிடம் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் அவர் ஒரு கேசட் கொண்டுவந்தார். நூலில் பூ கோத்தது மாதிரி வரும் மெல்லிசையைத்தான் நான் பாட்டு என்று நினைத்திருந்தேன். இதில் எலெக்ட்ரிக் கிடார், டிரம்ஸ், கத்துகிற குரல். இந்த மாதிரி இசைக்கு மெட்டல் என்று பெயர், எனக்குத் தலைவலி வருது, யாரோ கொடுத்தது, பீப்பாய்ச் சத்தம் பிடிச்ச உனக்கு ஒத்துவரும் என்றார். ஆம்ப்ளிஃபையரின் சத்தம் கூட்டும் திருகில் ஒரு கோடு போட்டு, பிளாஸ்திரி ஒட்டி, இதைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் கேட்டேன். முதல் பாட்டு முடிவதற்குள் தோல் ஷாப் வாசலில் போய் நின்றுவிட்டேன்.

ஆல்பங்களின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. நாங்களும் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டதில்லை. எனக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்பதால் அட்டைப்படத்தை வைத்துக் கூப்பிட்டேன். அவரும் அதற்கே வந்துவிட்டார். அந்த முதல் கேசட்டின் அட்டையில் துருப்பிடித்த ஆணி ஒன்று இருந்தது. அதனால் அது ‘ஆணி’. அவருக்கு உயிரான ராக் ஆல்பத்தின் அட்டையில் துணி காயப்போடும் கொடியில் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை தொங்கும். அது ‘கொடி’.

கொடியில் இரண்டு கிடார்கள். ஒன்று இடது காதில், ஒன்று வலது காதில். ஒன்று ஒரு வரி வாசித்துவிட்டு நிறுத்தும். மற்றது உடனே பதில் சொல்லாது. கொஞ்சம் காத்திருந்துவிட்டு வேறு எதையோ சொல்லும். அந்தக் காத்திருப்புத்தான் சங்கீதம் என்பார் டாக்டர். ஆணியில் காற்றுப் புக இடமில்லை, நாலு சுவரையும் அடைத்துவைத்து அடிக்கிறார்கள் என்பார். எனக்கு அந்த அடைப்புத்தான் பிடித்தது. கொடியில் பாடுகிறவன் தன் துக்கத்தை அழகாக மடித்து வைக்கிறான், ஆணியில் பாடுகிறவனுக்கு மடிக்க நேரமில்லை என்று ஒரு நாள் சொன்னேன். டாக்டர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். அப்புறம், மடிக்கத் தெரியாதவன்னு சொல்லு என்றார்.

இப்படித்தான் வருஷங்கள் போயின. கேசட் போய் சி.டி. வந்தது. அவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ மருத்துவ மாநாட்டுக்குப் போனால் எனக்கும் ஒன்று வாங்கிவருவார். அதை வைத்து மறுபடி சண்டை.

இடையில் வந்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூற்பாலையில் வேலை பார்த்த அம்மா. பஞ்சவர்ணம் என்று பெயர். டிவியை அலறவிடுகிறாள் என்று மகன் கூட்டிவந்தான். வரைபடத்தில் இரண்டு காதும் ஒன்றுபோல் வந்து, நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் மட்டும் குழி விழுந்து, மறுபடி மேலே ஏறியது. சத்தத்தில் வேலை பார்த்த காது இப்படித்தான் இருக்கும், வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழி விழும், இந்த வடிவத்தை மறக்காதே என்று டாக்டர் எனக்குக் காட்டினார். அந்த அம்மாவிடம், போன காது திரும்பி வராது என்பதையும் அவரே சொன்னார். வேறு யார் வாயாலும் அதைச் சொல்லவிடமாட்டார். சுற்றி வளைக்கவில்லை, தேற்றவும் இல்லை. சொல்லிவிட்டு, அந்த அம்மா எழுந்திருக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே கூட்டம் காத்திருந்தது. அது பாட்டுக்குக் காத்திருந்தது.

அதே மாதிரி எனக்கு முன்னாலும் அவர் ஒரு தடவை உட்கார்ந்தார். என் முதல் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூடத் தங்காமல் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் அழாதே, அழுதால் போன குழந்தைக்கு ஆகாது, அல்லாஹ் வேறு தருவான் என்றார்கள். வேலைக்குத் திரும்பிய அன்று மத்தியானம் டாக்டர் உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தார். கிளம்பும்போது மேஜையில் ஒரு சி.டி.யை வைத்தார். அட்டையில் பனி மூடிய வெளி, நடுவில் எதிலும் சாயாமல் நிற்கிற ஓர் ஏணி.

“என்னால இதை முழுசாக் கேக்க முடியல. நீ கேட்டுப் பாரு” என்றார்.

அது மெட்டலிலேயே ஆக மெதுவான வகை. ஒரு அடி விழுந்தால் அடுத்த அடி விழுவதற்குள் பயம் வந்துவிடும். அடியாழத்தில் கனத்த கிடார், அதற்கும் கீழே ஒரு குரல். ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. அந்தச் சின்ன அறைக்குள் ஹெட்போனோடு உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் அழுதேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் கணக்கில் ஏணிக்கு மேல் ஒரு ஆல்பம் கிடையாது. நல்லது கெட்டது என்று நான் சொல்லவில்லை. என் கணக்கு அது.

டாக்டருக்கு அறுபது நெருங்குகிற நேரத்தில் ஒரு மத்தியானம் கொடியைப் போடச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் ஹெட்போனைக் கழற்றி ஒயரை ஆட்டிப் பார்த்தார். இடது பக்கம் கிடார் சரியாக வரவில்லை, ஒயர் அறுந்திருக்கிறது என்றார். காலையில் நான் சோதித்தபோது சரியாகத்தான் இருந்தது. வாங்கி மாட்டிப் பார்த்தேன். இரண்டு கிடாரும் தெளிவாகக் கேட்டன. நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவரே ஹெட்போனை வாங்கி, இடது வலதை மாற்றி மாட்டிக்கொண்டார். ஒயர் அறுந்திருந்தால் குறை வலது காதுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இடது காதிலேயே நின்றது.

அவர் பாட்டை நிறுத்தினார். எழுந்து அறைக் கதவை உள்ளிருந்து சாத்தினார். பிறகு நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“எடும்மா” என்றார்.

அவரிடம் படித்த எல்லாவற்றையும் அவரிடமே செய்தேன். நல்ல காதில் ஆரம்பித்தேன். தாளம் விழாமல் கொடுத்தேன். இடது காதைச் சோதிக்கும்போது வலது காது உதவிக்கு வராமல் இருக்க அதற்குள் இரைச்சலை விட்டேன். பரிசோதிக்கிறவள் முகத்தில் முடிவு தெரியக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நீலக் குறிகள் படிக்கட்டு மாதிரி கீழே இறங்கின.

அடுத்தது சொல் பரிசோதனை. அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு நான் சொல்லும் சொல்லை நோயாளி திருப்பிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த சொற்பட்டியலைத் தொகுத்ததே அவர்தான். மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு அதைச் சொல்வதில் அர்த்தமில்லை. மனதில் தோன்றியதைச் சொன்னேன். தட்டு என்றேன். கட்டு என்றார். சாவி என்றேன். காவி என்றார். பட்டம் என்றேன். அவர் என்னைப் பார்த்து, வாயை மறைத்த அட்டையை எடுக்கும்படி கையால் காட்டினார். எடுத்தேன். உதட்டைப் பார்த்து, பட்டம் என்றார். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இருவருக்கும் தெரியும். நான் சேர்க்கவில்லை.

மதுரையில் ஒரு காது நிபுணரிடம் போனார். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. உடம்பில் நோயோடு சண்டை போட வேண்டிய சக்தி, ஏதோ தவறிப்போய் உள்காதோடு சண்டை போடுகிறது என்றார்கள். இரண்டு காதையும் பாதிக்கும் என்றார்கள். சில மாதங்களுக்குள் வலது காதும் இறங்க ஆரம்பித்தது.

ஆபரேஷன் செய்வதை அவராகவே நிறுத்தினார். ஒரு தவறும் நடக்கவில்லை. தியேட்டரில் நர்ஸ் சொன்னது ஒரு தடவை காதில் விழவில்லை, அவ்வளவுதான். கையுறையைக் கழற்றிவைத்தவர் அப்புறம் போடவே இல்லை. நோயாளிகளை மட்டும் பார்த்தார். ஊருக்குத் தெரிந்துவிட்டது. காது டாக்டருக்கே காது கேக்கலையாம் என்று காத்திருக்கும் இடத்திலேயே சிரித்தார்கள். அவருக்குக் கேட்காது என்ற தைரியம். எனக்குக் கேட்டது.

அவருடைய தம்பி ஊரிலிருந்து வந்திருந்தார். டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, காதுக்குள்ள அம்புட்டுச் சத்தத்தை விட்டா என்னத்துக்கு ஆகும் என்று என்னிடம் சொன்னார். டாக்டர் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தத் தம்பியை அறைக்குக் கூட்டிப்போனேன். சத்தத்தால் போன காது எப்படி இருக்கும், இவருடையது எப்படி இருக்கிறது என்று இரண்டு வரைபடத்தையும் விரித்துக் காட்டினேன். சத்தம் இப்படிச் சில மாதத்துக்குள் காதை வாரிக்கொண்டு போகாது என்றேன். பிறகு என்னுடைய வரைபடத்தையும் எடுத்து வைத்தேன். அவரைவிடக் கடுமையான பாட்டைத்தான் நான் கேட்டேன், என் காது நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு வரைபடங்களை மடித்தேன். அந்த மனிதர், சரிம்மா, தெரியாமச் சொல்லிட்டேன் என்று எழுந்து போனார்.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்ததும் வலது காது மேலே ஏறியது. வாராவாரம் பரிசோதித்தேன். குறிகள் ஏறியதும் என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்தது. அவரும் கண்டிக்கவில்லை. இடது காதிலும் கொஞ்சம் அசைவு தெரிந்தது. மருந்தை ரொம்ப நாள் தொடர முடியாது, குறைத்தால் மறுபடி இறங்கலாம் என்று அவருக்குத் தெரியும். கையில் இருக்கிற நாளில் கேட்டுவிட வேண்டும் என்று கொடியைப் போடச் சொன்னார்.

ஒரு பாட்டு ஓடியிருக்காது. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பாட்டு சரியாக ஓடுகிறதா என்று கேட்டார். நான் மாட்டிப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. இடது கிடார் சொல்லிவிட்டு நின்றது. வலது கிடார் காத்திருந்தது.

“சரியாத்தான் சார் இருக்கு.”

“எனக்கு ஒரே சுரம் ரெண்டு காதுலயும் ரெண்டாக் கேக்குது” என்றார். “ஒருத்தன் இங்க வாசிக்கிறான், இன்னொருத்தன் வத்தலக்குண்டுல உக்காந்து வாசிக்கிறான்.”

கெட்டுப்போன உள்காது அப்படிச் செய்யும். நோயாளிகள் சொல்லி நாங்கள் எழுதிவைத்திருக்கிறோம். சத்தம் கேட்கும், சுருதி பிசகிப்போகும். வேறு ராக் ஆல்பங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மெல்லிய இடங்கள் காணாமல் போயின. நீண்ட கிடார் வாசிப்பு கம்பியில் தகரம் உரசுகிற மாதிரி இருக்கிறது என்றார். எது அவருக்கு அதிகம் பிடிக்குமோ அது அதிகம் கெட்டிருந்தது. ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் எடுத்து உறையில் போட்டுவிட்டார்.

பிறகு ஒரு நாள், அந்த ஏணி இருக்கா என்று கேட்டார்.

போட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஆல்பம். அன்று வரை அவர் அதைப் பாதிகூடக் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். அதில் மேல் ஸ்தாயியில் எதுவும் கிடையாது. எல்லாம் கீழே, கனமாக, மெதுவாக நடக்கும். அவர் காதில் மிச்சம் இருந்ததும் அந்தக் கீழ்ப்பகுதிதான். முடிந்ததும் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டார்.

“புடிச்சிருக்கா சார்?” என்று கேட்டேன்.

“புடிக்கல” என்றார். “ஆனா இது ஒண்ணுதான் வருது.”

இத்தனை வருஷச் சண்டையில் நான் ஜெயித்த நாள் அது என்று யாராவது சொல்லலாம். நான் வெளியே வந்து கை கழுவும் இடத்தில் நின்றேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

அதன் பிறகு மருந்தைக் குறைத்தார்கள். குறிகள் இறங்கின. ஏணியை மட்டும் தினமும் கேட்டார். அப்புறம் அதன் குரல் போய்விட்டது என்றார். அப்புறம் கிடார் போய் டிரம்ஸ் மட்டும் இருக்கிறது என்றார். ஒரு நாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்போனை எடுத்துச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே போனார். நான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

சென்னையில் உள்காதுக்குள் கருவி பொருத்தினார்கள். பேச்சுக்கு அது பெரிய வரம். பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, சத்தமில்லாத அறையில் ஒருவர் பேசினால் அவருக்குப் புரிந்தது. மனைவி தனலட்சுமி அக்காவோடு போனில்கூட ஓரிரு வார்த்தை பேசினார். ஆனால் பாட்டு வரவில்லை. மெல்லப் பழகும் என்று எத்தனையோ பேருக்கு நாங்கள் சொல்லியிருக்கிறோம். அவருக்குப் பழகவில்லை. தகர டப்பாவுக்குள் எலி ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியை வேறொரு டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு சேவுகம்பட்டி வீட்டோடு போய்விட்டார்.

விடுமுறை நாட்களில் நான் பஸ் ஏறிப் போவேன். முதல் தடவை போனபோது எதைப் பேசுவது என்று தெரியாமல் தவித்தேன். அவரே, இப்ப என்ன கேக்குற என்று ஆரம்பித்துவைத்தார். அந்த வாரம் செல்போனில் கேட்ட ஒரு புது மெட்டல் ஆல்பத்தைப் பற்றிச் சொன்னேன். உதடு தெரியும்படி நேராக உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். எப்படி ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் டிரம்ஸ் நுழைகிறது, பாடுகிறவள் குரல் எப்படி உடைகிறது, ஆணியோடு வைத்துப் பார்த்தால் எங்கே தேறுகிறது, எங்கே தேறவில்லை. அவர் குறுக்கே கேள்வி கேட்டார். அந்த இடத்தில் ஏன் நிறுத்தினார்கள்? நிறுத்தினால் எவ்வளவு நேரம்? கிடார் ஒன்றா இரண்டா? நான் சொல்லச் சொல்ல அவர் மனதுக்குள் அதை அடுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, உனக்கு அது புதுசா இருக்கிறதால புடிக்குது, ஆறு மாசம் கழிச்சுச் சொல்லு என்றார். எனக்குக் கோபம் வந்தது. வெகுநாள் கழித்து வந்த கோபம். சந்தோஷமாக இருந்தது.

அப்படியே தொடர்ந்தோம். நான் ராக் ஆல்பங்களையும் கேட்க ஆரம்பித்தேன். எனக்காக இல்லை, அவருக்குச் சொல்வதற்காக. ஒன்றைக் கேட்கும்போதே, இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடுவேன். அவர் எதை மறுப்பார், நான் என்ன பதில் சொல்வேன் என்பதுவரை பஸ்ஸிலேயே ஓட்டிப் பார்ப்பேன். ஒருமுறை சொல்லி முடித்ததும் அவர் தோட்டத்தைப் பார்த்தார். தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

“மத்தவங்க எல்லாம் உடம்பு எப்படி இருக்குன்னு கேக்குறாங்க ஜமீலா” என்றார். “நீ ஒருத்திதான் ஆல்பத்தைப் பத்திப் பேசுற.”

நான் பணி ஓய்வு பெற்ற அதே வருஷம் அவர் போய்விட்டார். மாரடைப்பு. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேரும்போது வீடு நிறையக் கூட்டம். அந்தக் கருவியில் காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிப்பாகம் கழற்றி ஜன்னல் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதன் சின்ன விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் அதை அணைக்கத் தெரியவில்லை. நான் அணைத்தேன்.

காரியம் எல்லாம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு தனலட்சுமி அக்கா கூப்பிட்டு, அவருடைய சி.டி.க்களை எடுத்துப்போகச் சொன்னார். பகலில் போனேன். வீட்டில் அக்கா மட்டும் இருந்தார். எனக்குச் சாப்பாடு போட்டு, கூட உட்கார்ந்து வெஞ்சனம் பரிமாறினார். பிறகு அலமாரியைத் திறந்துவிட்டார். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். முப்பது வருஷமாக இவற்றைத் துடைத்து வைத்திருக்கிறேன், ஒன்றைக்கூடக் கேட்டதில்லை என்றார். அவர் வீட்டில் போட்டால் அக்கா அடுப்படிக்குப் போய்விடுவாராம். கடைசி வருஷங்களில் டாக்டர் ஒன்றைப் போட்டுவிட்டு ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். கேட்காது என்று தெரிந்தும் எதற்கு என்று அக்கா கேட்டதில்லை.

“ஒண்ணு போடேன் ஜமீலா. நானும் கேக்குறேன்” என்றார்.

கொடியையும், அவர் ஊருக்குப் போகும்போது நான் கொடுத்தனுப்பிய ஏணியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருக்கு உயிராக இருந்தது ஒன்று. கடைசியில் அவருக்கு எட்டியது மற்றது. எதைக் கேட்டால் அக்காவுக்கு அவர் தெரிவார்? இத்தனை வருஷமாக இது பெரிது, அது பெரிது என்று வாதாடியவளுக்கு அந்த நேரத்தில் ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை. ஏணி என்னுடைய துக்கம். அதை அக்கா தலையில் ஏற்றக் கூடாது என்று தோன்றியது. கொடியைப் போட்டேன்.

அக்கா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கிடார் ஆரம்பித்தது. அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பாட்டில் கிடார் நின்று அந்த நீளமான காத்திருப்பு வந்தபோது, முடிஞ்சிருச்சா என்றார். இல்லக்கா, வரும் என்றேன். வந்தது.

“இதுக்கா ரெண்டு பேரும் அம்புட்டுச் சண்டை போட்டீங்க” என்றார்.

அக்காவுக்குச் சிரமமாக இருக்கிறது போல என்று எண்ணி, எழுந்து நிறுத்தப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“எனக்கு ஒண்ணும் வெளங்கல. இருந்தாலும் நிப்பாட்டாத” என்றார். “அது பாட்டுக்கு ஓடட்டும்.”

பிடித்த கையை விடவில்லை. கடைசிப் பாட்டு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.